பட்டியின்றிப் போர்வை ஓரம் முடித்தல்

பஞ்சோ பழந்துணியோ உள்ளே வைத்துத் தைத்த போர்வை எங்கே முதலில் கிழிகிறது என்பதை அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். நடுவில் அன்று, ஓரத்தில்தான். இழுத்துப் போர்த்துவதும், துவைத்துப் பிழிவதும் ஓரத்தையே தேய்க்கின்றன. ஆகவே தையற்காரர்கள் தனிப் பட்டி ஒன்றை வெட்டி ஓரத்தைச் சுற்றித் தைக்கிறார்கள். அது நைந்தால் மாற்றிவிடலாம் என்பது மெய். எனினும் அதற்கு ஆகும் துணியை எண்ணிப் பார்க்க வேண்டும். 90 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள போர்வையின் சுற்றளவு 300 அங்குலம். இரண்டரை அங்குலப் பட்டி வைத்தால், 36 அங்குல அகலத் துணியில் ஏறத்தாழ 21 அங்குலம் அதற்கே போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை மற்றொன்று உண்டு. கைத்தறித் துணிப் போர்வைக்குக் கடையில் வாங்கிய மில் துணிப் பட்டியை வைத்தால், சலவையில் இரண்டும் ஒரே அளவாகச் சுருங்குவது அரிது. ஓரம் அலை அலையாகச் சுருண்டு நிற்கும். வாங்கியவர் நம் தறியைக் குறை கூறுவாரேயன்றிப் பட்டியைக் கூறமாட்டார்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு வட்டாரங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்ற போர்வைக்குத் தனிப் பட்டியே கிடையாது. பழம் புடவையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தையலைத் தொடங்குகிறார்கள். அடித்துணியின் ஓரத்தையும், மேலே வைக்கும் ஒட்டுத்துணியின் ஓரத்தையும் உள்ளே மடித்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றி வருகிறார்கள். பிறகு வரிவரியாக உள்நோக்கிச் சென்று நடுவில் முடிக்கிறார்கள். பிறர் கடைசியில் செய்யும் ஓரவேலை இவர்களிடம் முதலிலேயே முடிந்துவிடுகிறது! மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து வைப்பதற்கு 'பூலா', அதாவது பூ, என்று பெயர். அதை வைக்காமல் போர்வை முற்றுப்பெற்றதாக அவர்கள் கொள்வதில்லை.

பொத்தேரிப் பக்கத்தில் மார்கழிப் பனிக்கு இரண்டு மூன்று அடுக்குப் பழந்துணியே போதும். ஆகையால் இம்முறை நமக்கு நன்கு பொருந்தும் எனக் கருதுகிறோம். உள்மடிப்பு அரை அங்குலத்துக்குக் குறையலாகாது; குறைந்தால் வெட்டிய ஓரத்தில் இழை பிரிந்து வெளிவரும். கரையுள்ள பக்கத்தை மடிக்காமலே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பர். நெசவாளர்க்குத் தெரியாததன்று: கரை உடலைவிட இறுக்கமாக நெய்யப்பட்டிருந்தால் அது தனியே இழுத்துச் சுருக்கும். அத்தகைய கரையை வெட்டி நீக்கிவிட்டு மடிப்பதே நலம்.

பஞ்சு வைப்பதானால், மடிப்பு வரும் இடத்தோடு அதை நிறுத்தி, மேல்துணி, அடித்துணி இரண்டின் ஓரங்களையும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடித்துத் தைக்கலாம். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே இரண்டாவது வரித் தையலும் வேண்டும். இல்லையேல் பஞ்சு விலகி, ஓரம் வெறுந்துணியாகத் தொங்கும்.

புதுத்துணியாயின் தைப்பதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ளுதல் அவசியம். பழம் புடவைக்கு இது வேண்டுவதில்லை. அது பல சலவை கண்டது. உள்மடித்த ஓரம் நைந்தால் கழற்றி மாற்ற இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அதன் மேலேயே அதே வகைத் துணியில் ஒரு பட்டி தைத்துக்கொள்ளலாம்.