கொலைக்கு முந்தைய பக்கங்கள்: இனப்படுகொலையில் உயிர்தப்பியோரின் நினைவுக்குறிப்புகள் இன்று எதற்கு?

இனப்படுகொலையில் இருந்து உயிர்தப்பியவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகள் என்றதும், வதைமுகாம்களும் பதுங்கிடங்களும் சடலக் குவியல்களுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆனால், இன்றைய வாசகருக்கு மிக நெருக்கமான பக்கங்கள் அவை அல்ல. கொலை தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய வகுப்பறையையும் பாடநூலையும் அண்டை வீட்டாரின் பேச்சையும் விவரிக்கும் தொடக்கப் பக்கங்களே அவை. அந்த ஆண்டுகளில் எவரும் கொல்லப்படாமல் இருந்திருக்கலாம். நீதிமன்றம் விசாரிக்கத்தக்க குற்றம் என்று எதுவும் நிகழாமலும் இருந்திருக்கலாம்.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994 ஏப்ரல் 7 முதல் ஏறத்தாழ 100 நாள்களில் டுட்சி இனத்தவரும், படுகொலைக்கு உடன்படாத ஹூட்டு இனத்தவரும் கொன்று குவிக்கப்பட்டனர். உயிரிழந்தோர் 8 லட்சத்துக்கும் அதிகம் என்று ஐ.நா. கணக்கிட்டது. 10 லட்சத்துக்கும் அதிகம் என்பது ருவாண்டா அரசின் கணக்கு. கொன்றவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்த படையினர் அல்லர். அதே குன்றில் வாழ்ந்த அண்டை வீட்டார்.

வகுப்பறையில் தொடங்கிய பிரிவினை

அப்போது பல்கலைக்கழக மாணவியாக இருந்த இமாகுலே இலிபகிசா, ஹூட்டு இனப் போதகர் ஒருவரின் வீட்டுக் குளியலறையில் மேலும் ஏழு பெண்களுடன் 91 நாள்கள் ஒளிந்திருந்து உயிர்தப்பினார். பெற்றோரையும் சகோதரர்கள் இருவரையும் இழந்த அவரது நினைவுக்குறிப்பு 2006-இல் வெளியானது. குளியலறை நாள்களுக்காகவே அந்நூல் பேசப்படுகிறது. ஆனால், அதில் இன்னொரு நிகழ்வும் உண்டு. பத்து வயதுச் சிறுமியாக அவர் பள்ளியில் அமர்ந்திருக்கிறார். ஹூட்டு மாணவர்கள் எழுந்து நிற்குமாறு ஆசிரியர் கூறுகிறார். பின்னர் துவா இனத்தவர், அதன்பின் டுட்சிகள். இமாகுலே மூன்று முறையும் எழவில்லை. தாம் எந்த இனம் என்பதே அவருக்குத் தெரியாது. பெற்றோர் அதைச் சொல்லி வளர்க்கவில்லை. ஆசிரியர் சினந்து அவரை வகுப்பைவிட்டு வெளியேற்றுகிறார்.

இந்நிகழ்வில் வன்முறை ஏதுமில்லை. வருகைப் பதிவின்போது நடந்த ஒரு வழக்கமான கேள்வி மட்டுமே. இதற்காக எந்தச் சட்டத்தின் கீழ் யார்மீது வழக்குத் தொடுக்க முடியும்? ஆயினும், ஒரு குழந்தைக்கு அதன் பெயருக்கு முன்னதாக இனத்தைக் கற்றுக்கொடுத்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டின் வேர் காலனி ஆட்சியில் இருந்தது. ஒரே மொழியைப் பேசி, ஒரே நிலப்பரப்பில் கலந்து வாழ்ந்த மக்களுக்கு 1930-களில் பெல்ஜிய நிர்வாகம் இனம் குறித்த அடையாள அட்டைகளை வழங்கியது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அம்முறை நீடித்தது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான்.

ஒரு சொல்லின் பயணம்

மற்றொரு ருவாண்டா எழுத்தாளரான ஸ்கோலாஸ்டிக் முகாசோங்கா, 2006-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட தமது தன்வரலாற்றுக்கு 'இன்யென்சி' என்று பெயரிட்டார். கின்யருவாண்டா மொழியில் அதற்குக் கரப்பான்பூச்சி என்று பொருள். 1960-களில், நாட்டைவிட்டு வெளியேறி எல்லை தாண்டி வந்து தாக்கிய டுட்சி ஆயுதக் குழுவினரைக் குறித்த சொல் அது. காலப்போக்கில் ஆயுதம் ஏந்தாத விவசாயி, பள்ளிச் சிறுமி, முதியவர் என டுட்சிகள் அனைவர்மீதும் அச்சொல் படிந்தது.

1956-இல் பிறந்த முகாசோங்காவின் குடும்பம், 1960-இல் நியாமாட்டா என்னும் வறண்ட பகுதிக்கு விரட்டப்பட்டது. 1973-இல் பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட அவர் அண்டை நாடான புருண்டிக்குத் தப்பிச் சென்றார். 1994-இல் பிரான்ஸில் இருந்தபோது, தாய் உள்ளிட்ட குடும்பத்தினர் பலரை இழந்தார். இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். '100 நாள் படுகொலை' என்று செய்திகள் சுருக்கிச் சொல்வதற்குப் பின்னால், அவரது குடும்பத்துக்கு மட்டும் 34 ஆண்டுகள் இருக்கின்றன.

கரப்பான்பூச்சி என்பது எளிதில் மொழிபெயர்க்கக்கூடிய சொல். எந்த மொழியிலும் அதற்கு ஈடு உண்டு. வீட்டில் கண்டால் நசுக்கிவிடுவதே வழக்கம் என்பதையும் எந்த மொழியினருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பூச்சி, புழு, நோய் ஆகியவற்றின் பெயர் சூட்டப்படும்போது, பெயருடன் சேர்த்து அதை என்ன செய்யவேண்டும் என்ற பரிந்துரையும் சென்றுவிடுகிறது. கொலைகாரர்களோ தங்கள் செயலை 'வேலை' என்றே அழைத்தனர்.

நீதிமன்றத்தின் எல்லை

வெறுப்பைப் பரப்பியவர்களைத் தண்டிக்க முடியாதா என்ற கேள்வி எழலாம். முடிந்தது, ஓரளவுக்கு. ஆர்.டி.எல்.எம். வானொலியின் நிறுவனர்களான ஃபெர்டினான்ட் நஹிமானா, ஜீன்-போஸ்கோ பராயாக்விசா, 'காங்குரா' இதழின் ஆசிரியர் ஹசன் ன்கெஸே ஆகிய மூவரையும் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003 டிசம்பர் 3-இல் குற்றவாளிகள் என்று அறிவித்தது. டுட்சி பெண்ணை மணக்கும் ஹூட்டு ஆணைத் துரோகி என்று சாடும் 'பத்துக் கட்டளைகளை' 1990 டிசம்பரிலேயே அச்சிட்ட இதழ் காங்குரா.

ஆனால், 2007 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அத்தீர்ப்பின் சில பகுதிகளை ரத்து செய்து, தண்டனைகளைக் குறைத்தது. 1994-ஆம் ஆண்டில் நிகழ்ந்த குற்றங்களை மட்டுமே விசாரிக்க அதிகாரம் பெற்ற தீர்ப்பாயம் அது. எனவே, அதற்கு முன் வெளியான இதழ்களையும் ஒலிபரப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு தண்டிக்க இயலாது என்று அமர்வு கூறியது. சட்டப்படி அது சரியான முடிவே. சட்டத்துக்குத் தேதி வேண்டும். நினைவுக்குறிப்புகளின் பயன் இங்குதான் தெளிவாகிறது. தீர்ப்பாயம் தொட இயலாத 1990-ஐயும் 1973-ஐயும் 1960-ஐயும் அவை பதிவு செய்கின்றன.

பாடநூலில் இல்லாத மக்கள்

இராக்கின் சிஞ்சார் பகுதியில் 2014 ஆகஸ்ட்டில் ஐ.எஸ். அமைப்பு யாஜிதி மக்கள்மீது நடத்திய தாக்குதல் இனப்படுகொலையே என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2016 ஜூனில் அறிவித்தது. கோச்சோ கிராமத்தைச் சேர்ந்த நாடியா முராத், ஐ.எஸ். பிடியில் பாலியல் அடிமையாக வைக்கப்பட்டுத் தப்பியவர். 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2017-இல் வெளியான தமது நூலில், பள்ளியில் படித்த வரலாற்றுப் பாடநூலை அவர் நினைவுகூர்கிறார். அதில் யாஜிதிகளைப் பற்றி ஏதுமே இல்லை. அண்டை கிராமத்தார் பின்னாளில் ஐ.எஸ்.ஸுடன் சேர்ந்ததற்கும், சேராதவர்கள் வாளாவிருந்ததற்கும் அந்த வெற்றிடமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது அவரது கணிப்பு. பாடநூல் ஒரு மக்களைப் பற்றி வாய்திறக்காதபோது, 'சாத்தானை வழிபடுவோர்' என்ற பழைய அவதூறே அவர்களைப் பற்றிய ஒரே தகவலாக எஞ்சிவிடுகிறது. அவதூறு மட்டுமல்ல, மௌனமும் பாகுபாட்டை வளர்க்கும் என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய நூல்கள் குறைவு.

அதே நூலில் மறுபக்கமும் உண்டு. மோசுல் நகரில் தப்பியோடிய நாடியாவுக்கு அடைக்கலம் அளித்தது ஒரு சன்னி முஸ்லிம் குடும்பம். வேறொரு பெண்ணின் பெயரிலான அடையாள அட்டையுடன் அவர் நகரைக் கடந்தார். ருவாண்டாவில் ஓர் அட்டை உயிரைப் பறித்தது. இங்கு ஓர் அட்டை உயிரைக் காத்தது.

வாசிப்பு மருந்தாகுமா?

இந்நூல்களை வாசித்துவிட்டால் வெறுப்பு மறைந்துவிடும் என்று நம்புவது மிகை. ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து மீண்ட இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவியின் முதல் நூலை முன்னணிப் பதிப்பகம் ஒன்று நிராகரித்தது. 1947-இல் சிறிய பதிப்பகம் ஒன்று அதனை 2,500 பிரதிகள் மட்டும் அச்சிட்டது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், கேட்பதற்கு ஆள் குறைவாகவே இருந்தனர். தப்பியவர்கள் விதிவிலக்குகள் என்றும், முழுமையான சாட்சிகள் மடிந்தவர்களே என்றும் லெவி பின்னாளில் எச்சரித்தார்.

நினைவை அரசு கையில் எடுத்துக்கொள்ளும்போது வேறொரு சிக்கலும் எழுகிறது. ருவாண்டா இன்று அடையாள அட்டையிலிருந்து இனத்தை நீக்கியுள்ளது. 'இனப்படுகொலைச் சித்தாந்தத்தை'க் குற்றமாக்கும் சட்டத்தை 2008-இல் இயற்றி, 2018-இல் திருத்தியது. அச்சட்டத்தின் தெளிவற்ற சொற்கள் அரசை விமர்சிப்போர்மீதும் பாய்வதாக மனித உரிமை அமைப்புகள் குறைகூறி வருகின்றன. தனிமனிதரின் நினைவுக்குறிப்புக்கு இந்த ஆபத்து இல்லை. அது எவரையும் சிறையிலடைக்காது. நம்பு என்று வற்புறுத்தவும் செய்யாது.

இந்தியச் சட்டத்தில் என்ன நிலை?

1948 டிசம்பர் 9-இல் ஐ.நா. ஏற்ற இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்துக்கு இந்தியா 1959-இல் ஒப்புதல் அளித்தது. இனப்படுகொலை மட்டுமன்றி, அதற்கு நேரடியாகவும் பகிரங்கமாகவும் தூண்டுவதும் அதன்படி தண்டனைக்குரியது.

'பிரவாசி பலாய் சங்கடன்' வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்டியது. பாகுபாடு, ஒதுக்கிவைத்தல், வெளியேற்றம், வன்முறை, மிகக் கொடிய நிலையில் இனப்படுகொலை எனப் பின்னர் நிகழக்கூடியவற்றுக்கு வெறுப்புப் பேச்சு களம் அமைக்கிறது என்று அது குறிப்பிட்டது. இலிபகிசாவும் முகாசோங்காவும் தம் வாழ்விலிருந்து சொல்வதும் ஏறத்தாழ இந்த வரிசையைத்தான். அவ்வழக்கைத் தொடர்ந்து இப்பொருளை ஆராய்ந்த சட்ட ஆணையம், 2017 மார்ச்சில் அளித்த 267-ஆவது அறிக்கையில், வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராகத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது.

1984-ஆம் ஆண்டு சீக்கியர்களுக்கு எதிரான வன்முறை தொடர்பான வழக்கில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த தில்லி உயர் நீதிமன்றம், மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் இனப்படுகொலையும் நாட்டின் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இனப்படுகொலை தனிக் குற்றமாக இடம்பெறவில்லை.