காற்றலைச் சிரிப்பு – 12: மேஜரின் வயிறு

ரமணாசிரமத்தில் அடியார்களின் சமாதிகள் இருக்கும் பக்கம் போனால், அவற்றில் ஒன்று ஒரு வெள்ளைக்காரருடையது. மேஜர் ஆலன் சாட்விக். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பால் பிரண்டன் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு 1935 நவம்பரில் திருவண்ணாமலைக்கு வந்தார். ஆசிரம வளாகத்துக்குள்ளேயே தனி அறை கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். ரமணர் மறைந்தபின் மாத்ருபூதேஸ்வரர் சன்னதியில் ஸ்ரீசக்ர பூஜை ஒழுங்காக நடக்கவும், வேத பாடசாலை மறுபடி உயிர்பெறவும் முன்னால் நின்றவர் இந்த ஆங்கிலேயர்தான். 1962இல் காலமானார்.

அவர் இங்கே உட்கார்ந்திருந்த அதே 1950களில், இங்கிலாந்து இன்னொரு மேஜரை நினைத்து வாரந்தோறும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவர் பெயர் டெனிஸ் பிளட்னாக். இந்தியாவில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பிய ராணுவ அதிகாரி. பயந்தாங்கொள்ளி, காசைக் கண்டால் கைநீட்டுகிறவர், பெண்ணைக் கண்டால் வழிகிறவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியாவில் தின்று தீர்த்த கறிக் குழம்பு அவர் வயிற்றை விட்டுப் போகவே இல்லை. பேச ஆரம்பிக்கும் முன்பே வயிறு பேசிவிடும்.

நிஜத்தில் அப்படி ஒரு மேஜர் கிடையாது. பிபிசி வானொலியின் 'தி கூன் ஷோ' நாடகத்தில் பீட்டர் செல்லர்ஸ் கொடுத்த குரல்களில் அதுவும் ஒன்று. 1951இல் தொடங்கி 1960 ஜனவரி வரை ஓடிய அந்தத் தொடரைப் பெரும்பாலும் எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். பட்டாளத்துக்காரரின் மகன்; 1918இல் பிறந்தது நம் அகமத்நகரில், வளர்ந்தது புனேயிலும் ரங்கூனிலும். பிளட்னாக்கை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று நாம் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. கன்டோன்மென்ட் வளாகத்தில் வளர்ந்த பையனுக்கு, மீசையை முறுக்கிக்கொண்டு போகும் துரைமார்களை அண்ணாந்து பார்ப்பதுதானே பொழுதுபோக்கு!

1954 அக்டோபர் 12ஆம் தேதி ஒலிபரப்பான ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். பெக்ஸ்ஹில் என்ற கடற்கரை ஊர், உலகப் போர்க் காலம், ஊரெங்கும் விளக்கணைப்பு. இருட்டில் யாரோ ஒருவன் போவோர் வருவோர் மீது புட்டிங் எறிகிறான். மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சுடுவார்களே, அந்தப் பண்டம். நெட்டி சீகூன் என்ற அப்பாவி இதைத் துப்பறியக் கிளம்புகிறார். குற்றவாளியைத் துரத்தித் துரத்தி, கடைசியில் அவனும் இவரும் ஒரே படகில் நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறார்கள். பசி உயிர் போகிறது. சாப்பிட இருப்பது ஒரே ஒரு புட்டிங். ஆனால் வழக்குக்கு அதுதான் சாட்சி. தின்றால் வழக்குப் போகும், தின்னாவிட்டால் ஆள் போவார். இந்த இக்கட்டில் கதையை அந்தரத்தில் விட்டுவிடுகிறார் மில்லிகன்.

இதில் கடற்கரையில் தீக்குச்சி கிழிக்கும் ஒரு காட்சி வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜெர்மன்காரனுக்கு ஒரு குச்சி வெளிச்சமா தெரியப்போகிறது என்று ஒருவர் உரசுகிறார். 'சர்ர்'ரென்று குச்சி பற்றும் ஓசை. அடுத்த நொடி பெருவெடி. புகை அடங்கியதும், என் கால்கள் எங்கே என்று ஒரு குரல் நிதானமாக விசாரிக்கிறது. மேடை நாடகத்தில் இதைக் காட்டினால் குலை நடுங்கும். வானொலியில் காலும் இல்லை, ரத்தமும் இல்லை. கேட்கிறவர் தாமே அந்த இடத்தை மனத்தில் கட்டிக்கொள்கிறார், சிரிப்பும் வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. மில்லிகன் பீரங்கிப் படையில் சிப்பாயாக இருந்தவர்; போரின் தொடக்கத்தில் அவரை நிறுத்திவைத்திருந்த ஊர் இதே பெக்ஸ்ஹில்தான். 1944இல் இத்தாலியில் குண்டடி பட்டு, மனமும் குலைந்து போனவர். அந்த வெடிச்சத்தத்தை அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதன்முதலாகக் கேட்கவில்லை.

பிளட்னாக்கின் வயிற்றுக்கு வருவோம். 1958இல் பிபிசி ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்று ஓர் ஒலிக்கூடம் தொடங்கியது. விசித்திரமான ஓசைகளை மின்கருவிகளாலும் ஒலிநாடாவை வெட்டி ஒட்டியும் செய்து கொடுக்கிற இடம். பின்னாளில் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசை பிறந்ததும் இங்கேதான். அந்த மகா ஆய்வுக்கூடத்தின் ஆரம்பகாலச் சாதனைகளில் ஒன்று, மேஜர் பிளட்னாக்கின் வயிற்றுச் சத்தம்! ஏப்பம், களகளப்பு, நடுவே ஒரு குமுறல், முடிவில் வெடி. பொறியாளர்கள் மூளையைக் கசக்கிச் செய்த அந்தச் சில நொடிகள், சாம்ராஜ்யம் எப்படி ஜீரணமாகாமல் கிடந்தது என்பதைச் சரித்திரப் புத்தகங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டன.

எல்லாமே நமக்கு ரசிக்கும் என்று சொல்லமாட்டேன். செல்லர்ஸும் மில்லிகனும் லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்களாகத் தலையாட்டிப் பேசும் இடங்களில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த உச்சரிப்பைத்தான் செல்லர்ஸ் 1968இல் 'தி பார்ட்டி' படம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். பிளட்னாக் விஷயம் வேறு. அங்கே கேலி குழம்பின் மீது இல்லை, ஆளவந்தவரின் மீது.

சாட்விக் இந்த நிகழ்ச்சியைக் கேட்டிருப்பாரா என்று கேட்காதீர்கள். ஆனால் ஆசிரமத்துக்கு வானொலிப் பெட்டி புதிதல்ல. ரமணர் காலத்திலேயே அங்கே அது பாடிக்கொண்டிருந்தது. பெட்டி பாடுகிறது, பேசுகிறது, திறந்து பார்த்தால் உள்ளே ஆள் கிடையாது என்று தம் நிலைக்கே அவர் அதை உவமை காட்டியதாகச் சொல்வார்கள். பிளட்னாக்கும் அந்தப் பெட்டிக்குள் இல்லாத ஆள்தான். வயிறு மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் கொழும்புக்குப் போகிறோம்: மரிக்கார் ராம்தாஸ் குழுவினரின் 'கோமாளிகளின் கும்மாளம்'.