ஒளியினாற் பாலை அளத்தல்

மயிலாப்பூர் வீதிகளில் முன்னாளிற் பால்காரர் பசுவையே வாயிலுக்கு ஓட்டிவந்து கறந்து கொடுப்பர். வீட்டுப் பாட்டியார் திண்ணையினின்று பாத்திரத்தையே நோக்கியிருப்பார். அதன் அடியில் முன்னரே தண்ணீர் இருந்ததோ என்பது அவர் ஐயம். இந்நாளிற் பால் உறையில் வருகின்றது. சமன்படுத்திய பாலெனின், கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பற்ற திடப்பொருள் 8.5 சதவீதம் என்பது சட்டம் வகுத்த அளவு. அவ்வளவு உள்ளே இருக்கின்றது என்பதற்குச் சாட்சி யார்? பெரிய பாற்பண்ணைகளில் அச்சாட்சிகளுள் ஒன்று ஒளி. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நெடுங்காலமாக வழங்கிவரும் கருவி பால்மானி. அது பாலில் மிதந்து அடர்த்தியைக் காட்டும். நல்ல பால் தண்ணீரினும் ஏறக்குறைய 1.03 மடங்கு கனமுடையது. தண்ணீர் கலப்பின் அவ்வெண் இறங்கும். கொழுப்போ தண்ணீரினும் இலேசானது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டால் எண் ஏறும். ஏட்டையும் எடுத்துத் தண்ணீரையும் வார்ப்பவனிடம் பால்மானி தோற்றுப்போம். இவ்வித்தையைக் கற்க ஒருவர் கல்லூரிக்கு வரவேண்டுவதில்லை!

நிற்க. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தாற் பிரித்து, செந்நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அது ஏறக் கண்டார். அங்கு விழுந்தனவே அகச்சிவப்புக் கதிர்கள். ஒரு தந்தி தன் சுருதிக்கு மட்டும் அதிர்வதுபோல, பொருளின் அணுப்பிணைப்பு ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளத்தையே உட்கொள்ளும். பாலிற் கொழுப்பு 5.7 மைக்ரான் அளவிலும், புரதம் 6.5 அளவிலும், பாற்சர்க்கரை 9.6 அளவிலும் கதிரை விழுங்குகின்றன. விழுங்கிய அளவே பொருளின் அளவைக் காட்டும். ஏட்டை எடுத்தால் முதலாவது குறையும். நீரை வார்த்தால் மூன்றும் குறையும். ஒரு பிழை மற்றொன்றை மறைத்தற்கு இங்கே இடமில்லை. இங்கிலாந்தில் கௌல்டன் என்பார் 1964-இல் இம்முறையைப் பாலுக்கு ஏற்ப வகுத்தார். (1928-இல் ராமனும், நம் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனப் பகுதியில் முன்பு பணிபுரிந்த கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறலும் உணவுச் சோதனைக்கு உதவுவதே. அதனை வேறொரு சமயம் கூறுவோம்.)

இடையூறுகளும் உண்டு. கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். ஆதலின் அவற்றை முதலில் நுண்ணிதாக உடைத்தல் வேண்டும். தண்ணீரும் இக்கதிரைப் பெரிதும் விழுங்குவதால், மயிரிழையினும் மெல்லிய படலமாகவே பாலைக் கதிரின் எதிரே செலுத்துவர். ஓடும் குழாயிலேயே அளப்பதற்குத் தடித்த பாலையும் ஊடுருவவல்ல அண்மை அகச்சிவப்புக் கதிர் ஏற்றது.

குழாயில் ஏன் அளத்தல் வேண்டும்? பண்ணையில் ஏட்டை முழுதும் பிரித்து, வேண்டிய அளவு மீண்டும் கலப்பர். மணிக்கு 20,000 லிட்டர் ஓடுமாயின், கந்தகத் திராவகமிட்டுச் சுழற்றும் கெர்பர் சோதனை முடியும் கால் மணி நேரத்திற்குள் 5,000 லிட்டர் கடந்துபோம். ஒளிக்கருவியோ உடனுக்குடன் அளந்து, ஏடு வரும் வால்வைத் திருத்தும். ஒரு லட்சம் லிட்டரில் 0.1 சதவீதம் பிழைத்தால் ஏறக்குறைய 100 கிலோ கொழுப்பு கூடும் அல்லது குறையும்.

எனினும் ஒளி தானாக எண் கூறுவதன்று. கெர்பர் முதலிய முறைகளால் அளந்த பாலைக் காட்டி அதற்குக் கற்பித்தல் வேண்டும். கேட்டதற்கே அது விடை கூறும். 2008-இல் சீன தேசத்தில், நைட்ரஜனை மட்டும் அளந்து புரதமென்று கொண்ட சோதனையை ஏமாற்ற மெலமைன் கலந்தனர். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன, ஆறு இறந்தன. அதன் பின்னர், மூன்று அலைநீளங்களோடு நில்லாது, நிறமாலை முழுவதையும் நல்ல பாலின் நிறமாலையோடு ஒப்பிடும் வழக்கம் பரவியது.

ஊர்ச் சங்கத்திற் பால் ஊற்றும் குடியானவருக்குக் கொழுப்பையும் திடப்பொருளையும் கொண்டே விலை தரப்படுகின்றது. அங்குள்ள சிறு கருவிகளிற் பல ஒளியினாலன்றி ஒலியினால் அளப்பன. எதுவாயினும், கற்பித்தது பிழையாயின் அவர் காசு குறையும். ஆகவே ஒளிக்கருவி வந்த பின்னரும் பண்ணையின் சோதனைச் சாலையில் கெர்பர் குப்பிகள் சுழன்றுகொண்டேயிருக்கின்றன.