பல்கலைக்கழக வளாகமும் உதைபந்தாட்ட அரங்கும்: அமெரிக்க அனுபவம் பற்றிச் சில சிந்தனைகள்

பல்கலைக்கழகமொன்று தனது வளாகத்தினுள்ளே பல்லாயிரம் பேர் அமர்ந்து பார்க்கத்தக்க உதைபந்தாட்ட அரங்கொன்றைக் கட்டுதல் தகுமா என்னும் வினா எம்மவர்க்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். எமது பல்கலைக்கழகங்களில் மைதானம் என்பது மாணவர் விளையாடும் இடம். பார்ப்போர் ஓரத்திலே நின்று பார்ப்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அரங்கு என்பது முதன்மையாகப் பார்ப்போருக்கானது. அங்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரங்கு ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொள்வது. ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள் அளவில் நடைபெற, அவற்றுள் ஆறோ ஏழோ சொந்த அரங்கில் இடம்பெறும். ஆண்டின் ஏனைய நாட்களிற் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும் கட்டடமொன்றுக்காகக் கோடிக்கணக்கான டொலர்களைக் கல்வி நிறுவனமொன்று ஏன் செலவிடுகின்றது என்பதே எமது ஆய்வுப் பொருள்.

இங்கு உதைபந்தாட்டம் என நாம் குறிப்பது அமெரிக்கர் ஆடும் ஆட்டத்தையே. பெயரளவில் அன்றி அதிற் கால்களுக்கு அதிக வேலை இல்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அவ்வாட்டம் றக்பியின் வழிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பல்கலைக்கழகங்களிலேயே உருப்பெற்றது. தொழின்முறைக் கழகங்கள் பின்னரே தோன்றின. பிற நாடுகளில் நகரத்துக் கழகங்களுக்கு உரியதாய் இருக்கும் பற்றும் ஆரவாரமும் அமெரிக்காவிற் பல்கலைக்கழகங்களின்பாற் சென்று சேர்ந்தமைக்கு இவ்வரலாறே காரணம் எனலாம்.

1903 இல் ஹாவாட் பல்கலைக்கழகம் சீமெந்தினால் ஆன பேரரங்கொன்றை எழுப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆட்டத்தின் வன்முறை பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1905 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசவேண்டிய நிலை உருவானது. மைதானத்தை அகலமாக்கினால் மோதல் குறையும் என்றொரு யோசனை எழுந்தபோது, ஹாவாட் அரங்கின் நிலையான சுவர்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே 1906 இல் பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி வழங்கும் விதி கொண்டுவரப்பட்டது என்பர். ஆட்டத்துக்காகக் கட்டப்பட்ட அரங்கு மூன்றே ஆண்டுகளில் ஆட்டத்தின் விதியையே மாற்றிவிட்டது. முதலாம் உலகப் போரின் பின்னர் இத்தகைய அரங்குகள் பெருகின. கான்சாஸ், நெப்ராஸ்கா, இலினோய், மினசோட்டா ஆகிய பல்கலைக்கழகங்கள் போரில் மடிந்தோரின் நினைவாலயங்கள் என்ற பெயரிலேயே அவற்றைக் கட்டின. நினைவாலயத்துக்கு நன்கொடை மறுப்பவர் யார்? 1929 இல் கார்னகி நிறுவனம் வெளியிட்ட விரிவான அறிக்கை, கல்லூரி விளையாட்டு வணிகமாகிவிட்டதென வெளிப்படையாகவே சாடியது. ஆயின் அறிக்கையால் அரங்குகள் எதுவும் இடிந்துவிடவில்லை.

சிக்காகோப் பல்கலைக்கழகம் மாத்திரமே இவ்வோட்டத்துக்கு எதிரே நின்றது என்று கூறினும் மிகையாகாது. ஒரு காலத்தில் உதைபந்தாட்டத்திற் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் அது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசை 1935 இல் முதன்முதலிற் பெற்றவரும் அதன் மாணவரே. அங்கு தலைவராயிருந்த றொபேட் மேனாட் ஹட்சின்ஸ் 1939 டிசெம்பரில் அணியையே கலைத்தார். வெறுமையாகிவிட்ட ஸ்ராக் மைதானத்தின் மேற்கு இருக்கை வரிசைகளின் கீழ் அமைந்த ஆட்டக்கூடமொன்றிலே, 1942 டிசெம்பர் 2 ஆம் திகதி என்றிக்கோ பெர்மியும் அவரது குழுவினரும் கட்டுப்படுத்தப்பட்ட அணுச் சங்கிலித் தாக்கத்தை முதன்முதலில் நிகழ்த்தினர். அது மனித குலத்துக்கு நன்மை பயந்ததா என்பது வேறொரு கட்டுரைக்குரியது. 1957 இல் அவ்விருக்கைகள் இடிக்கப்பட்டன. 1970 இல் அந்நிலத்திலே றீஜன்ஸ்ரைன் நூலகம் திறக்கப்பட்டது. சிக்காகோ தனது கல்விப் புகழை இழக்கவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். எனினும் பெரும் நன்கொடைச் செல்வம் படைத்த தனியார் நிறுவனமொன்றின் துணிவை, அரசின் உதவி சுருங்கிவரும் பொதுப் பல்கலைக்கழகங்களிடம் எதிர்பார்த்தல் எவ்வளவு நியாயம் என்பதும் சிந்தனைக்குரியது.

பிற்காலத்து அரங்கு வேட்கைக்கு அடிப்படையாய் அமைந்தவை பொருளாதாரக் காரணிகளே. 1984 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தன் கையிற் கட்டுப்படுத்தி வைத்திருந்தது போட்டிச் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் ஒளிபரப்புரிமையைத் தாமே விற்கலாயின. வலியவை மேலும் வலிமை பெற்றன. ஏனையவை வலியவற்றின் கூட்டமைப்பிற் புகுந்துவிடும் நோக்கிற் செலவைக் கூட்டின. அத்தகைய செலவுகளுள் கண்ணுக்கு மிகத் தெரிவது அரங்கே. வரிச் சட்டமும் துணை நின்றது. பொதுப் பல்கலைக்கழகம் வெளியிடும் பிணைமுறிகளின் வட்டிக்குப் பெரும்பாலும் மத்திய அரசின் வருமான வரி இல்லை. நல்ல ஆசனத்தை வாங்கும் உரிமைக்காகச் செல்வந்தர் வழங்கிய "நன்கொடை"யில் எண்பது வீதத்தை வரிக்கழிவாகக் காட்டவும் சட்டம் இடமளித்தது. இச்சலுகை 2017 டிசெம்பரில் நிறைவேறிய வரிச் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டது. ஆக, அரங்கின் முதல் வரிசையில் அமரும் கோடீசுவரரின் ஆசனச் செலவிற் பங்கொன்றை, அரங்கையே காணாத தொழிலாளியும் நெடுங்காலம் செலுத்தி வந்தார் எனலாம்.

அரங்கு வேண்டும் என்போரின் வாதங்களை நாம் இலகுவிற் புறந்தள்ளல் ஆகாது. வளாகத்திலிருந்து தொலைவிலே வாடகைக்குப் பெற்ற அரங்கில் ஆட்டம் நடந்தால் மாணவர் போவதில்லை. பழைய மாணவர் ஊருக்கு வந்தும் தாம் பயின்ற மண்டபங்களை எட்டியும் பாராது திரும்புகின்றனர். வாடகையும் சிற்றுண்டி விற்பனையின் இலாபமும் பிறர் கைக்குப் போகின்றன. ஒரு சமூகம் தன்னைத் தான் கண்டுகொள்ளும் விழாவாக ஆட்ட நாள் அமைகின்றது என்பதும் பொய்யன்று. வினா அதன் விலையையும் அவ்விலையைக் கொடுப்போரையும் பற்றியது.

கொலராடோ அரச பல்கலைக்கழகத்தின் அனுபவம் இவ்வகையிற் பெரிதும் பயனுடையது. போர்ட் கொலின்ஸ் நகரிலுள்ள அந்நிறுவனம் 1870 இல் விவசாயக் கல்லூரியாக நிறுவப்பட்டது. 1968 முதல் அதன் அணி, வளாகத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த ஹியூஸ் அரங்கிலே ஆடிவந்தது. 2010களின் தொடக்கத்தில் வளாகத்தினுள்ளே புதிய அரங்கு அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. வெளிமாநில மாணவர் கூடுதலாக வருவர் என்பது சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. வெளிமாநில மாணவர் செலுத்தும் கட்டணம் உயர்வானது என்பதை நினைவிற் கொண்டாற் குறிப்பு விளங்கும். நகர மக்களில் ஒரு பகுதியினரும் விரிவுரையாளர் சிலரும் எதிர்த்தனர். பழைய அரங்கைக் காப்போம் என்றொரு இயக்கமே எழுந்தது. செலவின் பாதியைத் தனியார் நன்கொடையாகத் திரட்டினாலன்றி வேலை தொடங்காது என நிர்வாகம் முதலில் நிபந்தனை விதித்தது. குறித்த காலம் வந்தபோது திரண்ட தொகை அவ்விலக்கிலிருந்து வெகு தொலைவில் நின்றது.

இவ்விடத்திலேதான் நாம் சற்றுத் தரித்து நோக்கவேண்டும். நிபந்தனை நிறைவேறாதபோது திட்டம் கைவிடப்படவில்லை, நிபந்தனையே கைவிடப்பட்டது. 2014 டிசெம்பரில் ஆட்சிக்குழு அனுமதி வழங்கியது. 2015 இல் ஏறத்தாழ 239 மில்லியன் டொலருக்குப் பிணைமுறிகள் வெளியிடப்பட்டன. அரங்கின் வருமானமே கடனைத் தீர்க்கும் என்று கணக்குக் காட்டப்பட்டது. ஏறக்குறைய 220 மில்லியன் டொலர் செலவில், 41,000 பேர் கொள்ளத்தக்கதாய் அது 2017 ஓகஸ்ட் 26 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. பெயர் வைக்கும் உரிமையை 2018 இல் கடன் கூட்டுறவு நிறுவனமொன்று பதினைந்து ஆண்டுகளுக்கு 37.7 மில்லியன் டொலருக்குப் பெற்றது. பெயர் வெளியிடாத கொடையாளி ஒருவர் 20 மில்லியன் வழங்கி, ஆடுகளத்துக்கு ஓய்வுபெற்ற பயிற்றுநரின் பெயரை வைக்கச் செய்தார். அரங்கின் ஒரு பகுதியில் வகுப்பறைகளும் மாணவர் ஆலோசனைக் கூடங்களும் பழைய மாணவர் நிலையமும் அமைந்துள்ளன. இது வரவேற்கத்தக்கதே, ஆயினும் வகுப்பறை வேண்டின் வகுப்பறையைக் கட்டுவதே சிக்கனமான வழி என்பதைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. ஹியூஸ் அரங்கு நின்ற ஏறத்தாழ 164 ஏக்கர் நிலத்தை வீடமைப்புக்கு விற்கப் பல்கலைக்கழகம் முயன்றது. 2021 ஏப்ரலில் நகர வாக்காளர், அந்நிலம் திறந்தவெளியாகவே பேணப்படல் வேண்டும் எனப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். புதிய அரங்கைத் தடுக்க இயலாத மக்கள் பழைய அரங்கின் நிலத்தையேனும் காத்துக்கொண்டனர்.

கடன்சுமையின் இயல்பைக் காட்ட மேலும் ஓர் உதாரணம் போதும். பேர்க்கிலியில் 1923 இல் எழுந்த கலிபோர்னியா நினைவரங்கின் அடியிலே ஹேவாட் நிலப்பிளவு செல்கின்றது. நிலநடுக்கத்தைத் தாங்குமாறு அதனைத் திருத்தியமைக்க 321 மில்லியன் டொலர் செலவாயிற்று. 2012 இல் மீண்டும் திறக்கப்பட்டது. நீண்டகால ஆசனவுரிமை விற்பனையாற் கடன் அடையும் என்று போட்ட கணக்குப் பிழைத்தது. இறுதியிற் கடனின் ஒரு பகுதியை விளையாட்டுத் துறையிடமிருந்து பல்கலைக்கழகமே பொறுப்பேற்றது. உலகப் புகழ்பெற்ற ஆய்வுக்கூடங்களை உடைய நிறுவனத்துக்கே இக்கதியெனில், அணி தோற்கத் தொடங்கினால் ஆசனங்கள் வெறுமையாகும் சிறு நிறுவனங்களின் நிலை சொல்லவேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிய விவாதமாக இதுவரை நோக்கிய வினா, பிலடெல்பியா நகரிலே நிலத்தையும் நிறத்தையும் பற்றிய விவாதமாயிற்று. ரெம்பிள் பல்கலைக்கழகம், பகலில் உழைத்த இளைஞருக்கு இரவிலே கற்பிக்கும் நோக்குடன் றஸல் கொன்வெல் என்னும் பப்ரிஸ்த போதகரால் 1884 இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் வட பிலடெல்பியாவில், பெரும்பான்மையும் கறுப்பின மக்கள் வாழும் வறிய குடியிருப்புகளின் நடுவே உள்ளது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அதன் அணி நகரின் தென்பகுதியிலுள்ள தொழின்முறை அணிகளின் அரங்குகளிலேயே ஆடிவருகின்றது. 2003 முதல் லிங்கன் பினான்சியல் மைதானம் அதன் இடம். 2015 இல் அவ்வணி பென் அரச பல்கலைக்கழகத்தை 1941 இன் பின் முதன்முறையாக வென்றது. அவ்வெற்றியின் சூட்டிலே, வாடகை பன்மடங்கு உயரப்போகின்றது என்ற காரணமும் சேர, வளாகத்தின் மேற்கு ஓரத்தில் 35,000 பேருக்கான அரங்கொன்றை அமைக்கும் திட்டம் வெளிவந்தது. 2016 பெப்ரவரியில் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை திட்ட வரைவுக்கும் ஆய்வுக்குமாக 1.25 மில்லியன் டொலரை ஒதுக்கியது. அரங்கின் மதிப்பீடு அப்போது 126 மில்லியன்.

அயலவர் கொதித்தெழுந்தனர். பல்கலைக்கழகம் விரிவடைந்ததோடு சுற்றியிருந்த வீடுகள் மாணவர் விடுதிகளாக மாறியதையும் வாடகை ஏறியதையும் அவர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஆட்ட நாட்களின் குடிவெறியும் இரைச்சலும் குப்பையும் வாகன நெரிசலும் தம் வாசல்களுக்கே வரும் என்றனர். பதினைந்தாம் வீதியின் ஒரு பகுதியை மூடுவதற்கு மாநகரசபையின் சட்டம் தேவைப்பட்டது. அந்த ஒரு வீதியே அவர்களின் பிடியாயிற்று. அயலவரும் மாணவரும் விரிவுரையாளரும் இணைந்து "ஸ்ரேடியம் ஸ்ரொம்பர்ஸ்" என்ற இயக்கத்தை அமைத்தனர். இக்கூட்டுறவு எமது கவனத்துக்குரியது: எவருடைய "கல்லூரி வாழ்வு" மேம்படும் என்று அரங்கு முன்மொழியப்பட்டதோ அம்மாணவரில் ஒரு பகுதியினரே அயலாரின் பக்கம் நின்றனர். 2018 மார்ச் 6 ஆம் திகதி பல்கலைக்கழகம் கூட்டிய பொதுக் கூட்டத்திலே எதிர்ப்புக் கோஷங்கள் எழ, தலைவர் தம் உரையை முடிக்க இயலாது சில நிமிடங்களில் வெளியேற நேர்ந்தது. ஒருவரைப் பேசவிடாது தடுத்தல் எமக்கு உவப்பானதன்று. ஆனால் முடிவை ஏறத்தாழ எடுத்துவிட்ட பின்னர் கருத்துக் கேட்கவென அழைக்கப்பட்ட மக்கள், செவிமடுக்க மறுத்தனர் என்று குறைகூறுவதும் அத்துணை எளிதன்று.

விளையாடும் மாணவரைப் பற்றியும் ஒரு சொல். இவ்வரங்குகள் எழுந்த காலமெல்லாம் அவர்கள் பெற்றது பெரும்பாலும் புலமைப்பரிசில் மாத்திரமே. பயிற்றுநர்களோ மில்லியன்களை ஊதியமாய்ப் பெற்றனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தீர்வின்படியே, முதலாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை பல்கலைக்கழகமொன்று தன் விளையாட்டு வீரருக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்க வழி பிறந்தது. உழைத்தோர்க்கு உரியது கிட்டியமை நியாயமே. அதேவேளை, அரங்கின் வருமானம் முழுவதும் கடனுக்கே போகும் என்று 2015 இல் போடப்பட்ட கணக்குகளில் இச்செலவு இடம்பெற்றிருக்கவில்லை.

எமது நிலைப்பாட்டை ஒளிக்கவேண்டியதில்லை. நன்கொடைத் தொகை வாக்குறுதியாக அன்றிக் கைப்பொருளாக முன்னரே சேர்ந்திருத்தல், மாணவர் கட்டணமும் கல்வி நிதியும் கடனுக்குப் பிணையாகாமை, அயலவர்க்கு வேண்டாம் என்று சொல்லும் உண்மையான அதிகாரம் இருத்தல் ஆகியன நிறைவேறும் இடத்து அரங்கு கட்டுதலை நாம் எதிர்க்கமாட்டோம். நாம் மேலே நோக்கியவற்றுள் கொலராடோவில் முதலாவது நிபந்தனை கைவிடப்பட்டது. பேர்க்கிலியில் இரண்டாவது பிழைத்தது. மூன்றாவது ரெம்பிளிலே நிறைவேறியதென்றால், அது நிர்வாகத்தின் விருப்பினால் அன்று, பதினைந்தாம் வீதி நகரத்துக்குரியதாய் இருந்தமையால்.

அங்கு அரங்கு எழவில்லை. ரெம்பிள் அணி இன்றும் தென் பிலடெல்பியாவிலேயே ஆடுகின்றது. வளாகத்தின் அருகேயுள்ள நிலையத்தில் ஏறும் மாணவர், புறோட் வீதியின் கீழே ஓடும் புகையிரதத்தில் வண்டி மாறாமலே அம்மைதானத்தைச் சென்றடையலாம்.