திரையில் கண்ட பாறையைத் தேடி

திரைப்படம் பார்க்கும்போது நம் கண்கள் கதாநாயகனையே தொடர்கின்றன. அவனுக்குப் பின்னால் நிற்கும் மலையை யாரும் கவனிப்பதில்லை. படம் வந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 'இந்தக் காட்சியை எங்கே எடுத்தார்கள்?' என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். ஆனால் காமிராவைத் தாங்கிய முக்காலி எந்தப் பாறையின் ஓரம் நின்றது என்று சொல்ல ஆள் இருக்காது. காட்டுக்குள் நடந்துபோய் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நாம் கவனிக்காமல் விட்ட அந்த மலையே வழிகாட்டும். கொஞ்சம் வடிவகணிதம், கொஞ்சம் பாறையியல், நிறையப் பொறுமை, இவை போதும். இப்படித் தேடுவது வெறும் பொழுதுபோக்கும் அன்று. அது ஏன் என்பதைக் கட்டுரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

மலை இருக்கிறது, ஊர் இல்லை

ஆம்பூரில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு சென்று, அங்கிருந்து மைசூரு செல்லும் பாதையில் சுமார் 50 கி.மீ. போனால் இராமநகரம் வருகிறது. பட்டுக்கூடு வாணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். ஊரைச் சுற்றிலும் கருங்கல் குன்றுகள். ரமேஷ் சிப்பி இயக்கிய 'ஷோலே' என்ற இந்திப் படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பெரும்பாலும் இங்கேதான் எடுக்கப்பட்டன. 1973 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் படம் வெளிவந்தது.

கதையில் வரும் 'ராம்கர்' என்ற கிராமம் முழுவதும் செட்டு. கலை இயக்குநர் ராம் யேடேகர் அதைக் குன்றுகளின் அடிவாரத்தில் எழுப்பினார். நெடுஞ்சாலையிலிருந்து அங்கே செல்லப் புதிய பாதையும் போடப்பட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் கிராமம் மறைந்தது. வீடுகள், கோயில், தண்ணீர்த் தொட்டி எதுவும் இன்று இல்லை. எனவே 'அந்த வீடு எங்கே?' என்று தேடிப் பயனில்லை. வீட்டுக்குப் பின்னால் தெரிந்த மலை முகடு எங்கே என்றுதான் தேட வேண்டும்.

மாறாத அளவுகோல்

மலை முகட்டை ஏன் நம்பலாம்? அது எதனால் ஆனது என்று பார்ப்போம். இராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட். ஆங்கிலேய அதிகாரி பாரி குளோஸ் என்பவரின் பெயரால் வந்தது. அதனால் இங்குள்ள பாறையைப் புவியியலார் குளோஸ்பேட் கிரானைட் என்கிறார்கள். பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டான இதற்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். தெற்கு வடக்காகச் சுமார் 400 கி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டைபோல் இது கர்நாடகத்தில் நீண்டு கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியிலிருந்து பார்த்தால் தெரியும் ஏலகிரி மலையும் பாறைக்குழம்பு இறுகியதால் வந்ததே. ஆனால் அது சயனைட் என்ற வேறு வகைப் பாறை. வயதும் சுமார் 75 கோடி ஆண்டுகள்தான்.

மேலே மூடியிருந்த பாறைகள் அரிக்கப்பட்டபின் கருங்கல் வெளியே வந்தது. பாரம் குறைந்ததால் அதில் வெடிப்புகள் தோன்றின. வெடிப்புகளில் மழைநீர் இறங்கி மூலைகளை முதலில் தின்றது. சதுரக் கட்டிகள் இவ்வாறு உருண்டைப் பாறைகள் ஆயின. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் அவை நிற்பது யாரும் தூக்கி வைத்ததால் அன்று.

இந்த அரிப்பு மிக மிக மெதுவானது. 50 ஆண்டுகளில் கருங்கல் பரப்பில் தேய்வது பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மரம் வளரும், வெட்டப்படும், ஏரி வற்றும், சாலை வரும். ஆனால் முகட்டின் கோடு மட்டும் மாறாது. அதனால்தான் அது நமக்கு அளவுகோலாகிறது.

காமிரா நின்ற புள்ளி

இனித் தேடலைத் தொடங்குவோம். திரைப்படம் என்பது நொடிக்கு 24 நிழற்படங்கள். (படச்சுருளின்மேல் வெள்ளி உப்புகளைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின், மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. தோல் பதனிடும் ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைக்கலாம்!) அவற்றுள், அருகிலுள்ள ஒரு பாறையும் தொலைவிலுள்ள ஒரு முகடும் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு படம் நமக்குப் போதும். அதைத் தாளில் அச்சிட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சிறு சோதனை. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் உள்ள ஒரு புள்ளியை விரலால் மறையுங்கள். பிறகு தலையை வலப்பக்கம் நகர்த்துங்கள். விரல் இடப்பக்கம் ஓடுகிறது, புள்ளி வெளியே வருகிறது அல்லவா? இதைத்தான் இடமாறு தோற்றம் என்கிறோம்.

மலையிலும் இதே கதைதான். அருகிலுள்ள பாறை 50 மீட்டரிலும், பின்னாலுள்ள முகடு 1,000 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். நீங்கள் ஒரு மீட்டர் வலப்பக்கம் நகர்ந்தால், முகட்டோடு ஒப்பிடும்போது பாறை ஏறக்குறைய ஒரு பாகை இடப்பக்கம் விலகும். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே ஓர் எட்டு வைத்தாலும் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும்!

ஆகவே, பாறையின் விளிம்பு முகட்டின் எந்தப் பள்ளத்தை மறைக்கிறது என்று படத்தில் பாருங்கள். அதே மறைப்பு நேரில் தெரியும்வரை நகருங்கள். நீங்கள் இப்போது ஒரு நேர்கோட்டின்மேல் நிற்கிறீர்கள். அக்கோட்டின் வழியே முன்னும் பின்னும் போனாலும் அந்த மறைப்பு மாறாது. எனவே படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு பாறையையும் இன்னொரு முகட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாவது கோட்டைத் தரும். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியே காமிரா நின்ற இடம்.

'லென்ஸ் எதுவென்று தெரியாதே?' என்று நீங்கள் கேட்கலாம். தெரிய வேண்டியதில்லை. லென்ஸை மாற்றினால் காட்சி பெரிதாகும் அல்லது சிறிதாகும். ஆனால் எது எதை மறைக்கிறது என்பது காமிரா நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்தது.

நிழல் காட்டும் கடிகாரம்

இடம் கிடைத்தபின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். இராமநகரமும் ஆம்பூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 12.7, 12.8 பாகைகளில், உள்ளன. ஆகவே ஆம்பூரில் உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் கோலை நட்டு அளந்தால், அந்தக் கணக்கு இராமநகரத்துக்கும் பொருந்தும். டிசம்பர் 22-ஐ ஒட்டி உச்சிப் பொழுதில் நிழல் வடக்கே சுமார் 73 செ.மீ. விழும். ஜூன் 21-ஐ ஒட்டி அது தெற்கே திரும்பிச் சுமார் 19 செ.மீ. ஆகும். ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டி உச்சியில் நிழலே இராது. படத்தில் பாறைகளின் நிழல் எந்தத் திசையில், எவ்வளவு நீளம் விழுகிறது என்று பார்த்தால் பொழுதையும் பருவத்தையும் ஊகிக்கலாம்.

ஆனால் எச்சரிக்கை தேவை. ஒரு காட்சி ஒரே நாளில் எடுக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 'ஷோலே'யில் மாலை மங்கும் நேரத்தில் விளக்கேற்றும் சிறு காட்சிகளை எடுக்க, வேண்டிய வெளிச்சம் கிடைக்காமல் ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சாவுக்கு 20 நாட்கள் ஆயின. அதே படத்தின் சிறைச்சாலையோ இராமநகரத்திலேயே இல்லை. மும்பையில் ராஜ்கமல் ஸ்டூடியோ அருகே செட்டாகப் போடப்பட்டது. அடுத்தடுத்து வரும் இரண்டு காட்சிகள் ஒரே ஊரில் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஏமாற்றும் குகை

பாறையிலும் ஏமாற்று உண்டு. டேவிட் லீன் 1984-இல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தின் குகைக் காட்சிகளுக்கு, பீகாரில் உள்ள பராபர் குகைகள் எடுப்பாக இல்லை என்று, இராமநகரக் குன்றுகளையும் அருகிலுள்ள சாவனதுர்க்கம் மலையையும் தேர்ந்தெடுத்தார்கள். படக்குழுவினர் பாறையைக் குடைந்து சிறு குகை வாயில்களை அமைத்தார்கள். தெரியாதவர் அவற்றைப் பழங்காலச் சமணர் குகை என்றுகூட எண்ணக்கூடும். இயற்கையாக உண்டான பொந்து வெடிப்பை ஒட்டியே இருக்கும். அதன் உட்பரப்பு சொரசொரப்பாக உதிரும். குடைந்த வாயில் வெடிப்பைப் பொருட்படுத்தாது. புதிய பரப்பின் நிறமும் பழைய பாறையிலிருந்து வேறுபடும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1939-இல் வந்த 'கங்கா தின்' என்ற அமெரிக்கப் படத்தின் கதை நடப்பது இந்தியாவின் வடமேற்கு எல்லையில். எடுத்ததோ கலிபோர்னியாவில், லோன் பைன் ஊரை அடுத்த அலபாமா குன்றுகளில்! அங்கும் உருண்டைக் கருங்கற்கள்தான். வயது சுமார் 8½ கோடி ஆண்டுகள். அங்கே நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பாறை பாறையாகத் தேடி நடப்பவர்கள் அங்கே ஏராளம்.

விஞ்ஞானத்துக்கு என்ன லாபம்?

ஒரே இடத்திலிருந்து, பல ஆண்டு இடைவெளியில், ஒரே காட்சியை மீண்டும் படமெடுப்பது விஞ்ஞானிகளின் பழைய முறை. ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880-களின் இறுதியிலேயே ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை நிழற்படங்களால் அளந்தார். 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் அவருடைய தோழர்களும், நூறாண்டுக்கு முன் அமெரிக்க மேற்குப் பகுதியில் எடுக்கப்பட்ட படங்களின் இடங்களைத் தேடிப்பிடித்து மீண்டும் படமெடுத்தனர். முகடு மாறாததால், மற்றவை எவ்வளவு மாறின என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

இராமநகரத்தில் மாறியவற்றுள் மிகத் துயரமானது வானத்தில் நடந்தது. இக்குன்றுகளின் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் பறவை பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு. செத்த மாட்டின் தோலை உரித்துத் தோல் மண்டிக்கு அனுப்பியபின் எஞ்சிய உடலைத் தின்று ஊரைத் தூய்மையாக வைத்தது இந்தப் பறவைதான். 1990-களில் தொடங்கி இந்தியாவில் மூன்று பாறு இனங்கள் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த உடலின் வழியே பறவைக்குள் சென்று அதன் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் என்று 2004-இல் கண்டறியப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. 2012-இல் இராமதேவர் மலை பாறுகளின் சரணாலயம் ஆயிற்று. இன்று அங்கே எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. ஒரு சோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆர்வத்தில் பாறை விளிம்புக்கு ஏறி நாம் கூச்சலிட்டால், அந்த ஆண்டின் ஒரே குஞ்சும் போய்விடலாம்.

எனவே தேடிச் செல்பவர்கள் வனத்துறை அனுமதித்த பாதையைவிட்டு விலகக் கூடாது. தனியே போகக் கூடாது. இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். சிறுத்தையும் கரடியும் நடமாடும் இடம் அது. பாறையில் பெயர் எழுதுவது அறவே கூடாது. காமிரா நின்ற இடம் தடைசெய்த பகுதிக்குள் இருந்தால், வெளியே நின்றபடி கோடுகளை வரைபடத்தில் வெட்டவிட்டு அறிவதே போதும்.

உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள்

இதற்காக இராமநகரம் வரை போக வேண்டியதும் இல்லை. பாலாற்றின் இருபுறமும் மலைகள் இருக்கின்றன. பாலாற்று மணலில் நின்று எடுத்த பள்ளிக் குழுப் படமோ, திருமண ஊர்வலப் படமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். பின்னணியில் மலை தெரிகிறதா என்று பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் இப்பகுதி நிலமும் நீரும் கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'முன்பு இந்த இடம் எப்படி இருந்தது?' என்ற கேள்வி எழும்போது, வாய்ச்சொல்லைவிட வலுவான சான்று இடமும் காலமும் தெரிந்த ஒரு பழைய படம்.

ஒன்றை மறக்க வேண்டாம். கருங்கல் மழைக்குத் தேயாது, வெடிமருந்துக்குத் தாங்காது. கல்லுடைக்கும் குவாரி ஒரு முகட்டைத் தின்றுவிட்டால், அதைக்கொண்டு இடம் காணக்கூடிய பழைய படங்கள் எல்லாம் ஊமையாகிவிடும். அதற்கு முன் தேடிவிடுவது நல்லது. இடத்தைக் கண்டதும் அங்கிருந்தே புதிதாக ஒரு படம் எடுங்கள். அதன் பின்புறத்தில் இடம், நாள், நேரம், திசை நான்கையும் எழுதி வையுங்கள். இன்னும் 50 ஆண்டு கழித்து அங்கே வந்து நிற்கப்போகிறவருக்கு அவை வேண்டியிருக்கும்.