புல்வெட்டும் வண்டிக்குள் எலி குடித்தனம்: ஒயரை முறுக்கி ஓட்டினால் உயிருக்கு உலை!

ஸ்ரீபெரும்புதூர்:

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் பக்கம் பெரிய கம்பெனி என்றால் வாசலில் பச்சைப்பசேல் புல்தரை இருக்கும். பரந்த இடமாக இருந்தால் புல்லை வெட்ட, உட்கார்ந்து ஓட்டும் வண்டி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் வயல், ஏரிக்கரை வளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் எலிகள் குடிவருவது, ஷெட்டில் சும்மா நிற்கும் இந்த வண்டிக்குள்தான்.

ஏன் கடிக்குது?

எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்து தேய்த்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஒயர், ரப்பர் டியூப், சீட் ஸ்பாஞ்ச் எதுவும் தப்பாது. சுண்டெலிக்கு பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் போதும், உள்ளே போய்விடும்.

இந்த வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டர் கிடையாது. காற்றுதான் என்ஜினை குளிர வைக்கும். மேல்மூடிக்குள் எலி கூடு கட்டினால் காற்று அடைபடும். என்ஜின் சூடேறி ஜாம் ஆகும். சைலன்சர் பக்கத்தில் காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கும். பெட்ரோல் டியூபில் கடிபட்டு கசிந்தால் கேட்கவே வேண்டாம்.

சீட் சுவிட்ச் ஜாக்கிரதை

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான். அந்த ஒயரை எலி கடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும். 'வேலை நிக்கக்கூடாது, ரெண்டு ஒயரையும் முறுக்கி விடு' என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. அப்படி முறுக்கிய வண்டியில் இருந்து விழுந்தால் பிளேடு நிற்காது. கால் போய்விடும்.

என்ன செய்யணும்?

* முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரை கழற்றுங்க.
* முகக்கவசம், ரப்பர் கையுறை கட்டாயம். கூட்டை காய்ந்தபடி பெருக்கக்கூடாது. பிளீச்சிங் தண்ணீர் தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டு அள்ளுங்க.
* கடிபட்ட ஒயரை மாற்றணும். அதே ஆம்பியர் பியூஸ் போடணும். பியூசுக்குப் பதில் கம்பி சுற்றக்கூடாது.
* பெட்ரோல் டியூபில் லேசாக பல் பட்டிருந்தாலும் புதுசு போடுங்க.
* வெட்டி முடித்ததும் அடியில் ஒட்டிய புல்லை சுரண்டி, சிமெண்டு தரையில் நிறுத்துங்க. ஷெட்டில் சாப்பாடு, மிச்சம் மீதி வைக்காதீங்க.

எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கூட்டை சுத்தம் செய்த சில நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'எலிக்கூட்டில் கை வைத்தேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்க.

மருந்து வேண்டாம், பொறி போதும்

2024 நவம்பரில் பக்கத்து குன்றத்தூரில் எலி ஒழிக்க மருந்து வைத்த வீட்டில் 2 குழந்தைகள் பரிதாபமாக இறந்தனர். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். எனவே அடைத்த ஷெட்டிலோ, ஆட்கள் தூங்கும் ரூமிலோ எலிமருந்தில் கை வைக்காதீங்க. கூண்டுப் பொறியில் கருவாடு, தேங்காய், மசால்வடை வைத்தாலே மாட்டும். ஷெட்டின் ஓட்டைகளை இரும்பு வலையால் அடையுங்க.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

எலி கடித்த செலவை தொழிலாளி தலையில் கட்ட முடியாது. பொருள் அவரை நம்பி ஒப்படைக்கப்பட்டு, அவரது அலட்சியத்தால் நேரடியாக சேதமாகி இருந்தால்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கும் முன்பு அவரிடம் விளக்கம் கேட்கணும். சேத மதிப்புக்கு மேல் பிடிக்கக்கூடாது. 1936ம் ஆண்டு சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

அதனால் கடிபட்டதை பார்த்த உடனே சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்து, செல்போனில் ஒரு படமும் எடுத்து வைங்க. பிறகு 'நீதான் கெடுத்தே' என்று யாரும் சொல்ல முடியாது.