பிஎஸ்ஏ: தசமப் புள்ளிக்குப் பின்னால்

2015 பிப்ரவரியில், அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்குக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதாக அவரது அலுவலகம் அறிவித்தது. சோதித்த 38 திசு மாதிரிகளில் ஒன்றில் மட்டுமே புற்றுநோய் தெரிந்தது. மறுநாள், 16ஆம் தேதி, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் ரோபோ உதவியுடன் புராஸ்டேட் சுரப்பி அகற்றப்பட்டது. அதன்பிறகும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பிரதமராக இருந்தார்.

சுரப்பி போய்விட்டது, நோயும் போய்விட்டதா? அதைச் சொல்வது பிஎஸ்ஏ எனும் ரத்தப் பரிசோதனை.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் உயிரணுக்கள் சுரக்கும் புரதம். சுரப்பியை எடுத்தபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு முதல் எட்டு வாரங்களில் ரத்தத்தில் அநேகமாக இருக்கவே கூடாது. பின்னர் அது தலைகாட்டினால், எங்கோ சில உயிரணுக்கள் மிஞ்சியிருக்கலாம். அமெரிக்காவில் 1986இல் இப்பரிசோதனைக்கு முதலில் அனுமதி கிடைத்ததே நோயாளிகளைக் கண்காணிக்கத்தான். நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அனுமதி 1994இல்தான் வந்தது.

மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே சாதாரணப் பரிசோதனைக்குக் கண் தெரியாது. நுண்ணுணர்வுப் பரிசோதனையோ 0.01க்கும் கீழே பார்க்கும். சிக்கலும் அங்கேதான். 0.01 என்பது 0.02 ஆனதுமே தூக்கம் போய்விடுகிறது. இவ்வளவு சிறிய மாற்றம் கருவியின் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் 0.2ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால்தான் நோய் திரும்பியதாகப் பொதுவாகக் கொள்வார்கள். கதிரியக்கச் சிகிச்சையில் சுரப்பி உடம்பிலேயே இருப்பதால் கணக்கு வேறு: இறங்கிய மிகக் குறைந்த அளவைவிட 2 கூடினால்தான் எச்சரிக்கை.

அப்படியானால் நுண்ணிய பரிசோதனை வீணா? இல்லை. நோய் திரும்பினால், பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுத்தால் பலன் கூடும். ஆனால் ஏறத்தாழ 1,400 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ‘ரேடிக்கல்ஸ்’ ஆய்வு, அறுவைக்குப் பின் எல்லாருக்கும் உடனே கதிர்வீச்சு தருவதால் கூடுதல் நன்மை தெரியவில்லை, சிறுநீர்த் தொல்லைகளே அதிகம் என்றது. பிஎஸ்ஏவைக் கவனித்து, ஏறினால் மட்டும் தருவது பலருக்கு அந்தத் தொல்லையை மிச்சப்படுத்தும்.

பரிசோதனைக்குச் செல்ல, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஃபேரர் பார்க் மருத்துவமனையும் டான் டோக் செங் மருத்துவமனையும் பக்கத்திலேயே உள்ளன. ஆனால் இடத்தை மாற்றினால் கருவியும் மாறக்கூடும். ஒரே ஆய்வகத்தில் எடுப்பதே நல்லது. முடி வளர விழுங்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் அளவைக் குறைத்துக் காட்டும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முடிவுகளைத் தேதியோடு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை “எவ்வளவு?” என்பதோடு, “எவ்வளவு வேகமாக ஏறுகிறது?” என்றும் கேளுங்கள்.